புழுவாகவே முடிந்த உயிர்கள்

எலுமிச்சை துளிர்விடும் பருவத்தில் அதன் இளந்தளிரை எடுத்துப் பார்த்தால், வெள்ளிக் கம்பியை நெளித்து நெளித்து ஒட்டியதுபோல் ஒரு கோடு ஓடுவது தெரியும். தொடங்கும் இடத்தில் அது முடியளவு மெலிந்திருக்கும். வளைந்து வளைந்து போகப்போகத் தடிக்கும். நடுவில் கருத்த இழை ஒன்று கூடவே வரும். இலைத் துளைப்பான் என்று விவசாயிகள் சொல்லும் ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சியின் புழு போட்ட கோடு அது. கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1856-இல் ஹென்றி ஸ்டெய்ன்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் அதற்கு ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயரிட்டார். நம் ஆன்மிகச் சொற்பொழிவுகளில் புழு என்றால் அடுத்து வருவது பட்டாம்பூச்சி. ஊர்ந்தது பறக்கிறது, கூட்டுக்குள் தவம் கிடந்தது சிறகோடு வெளிவருகிறது, அதுபோலவே உயிரும் இந்த உடல்வாழ்வின் துன்பங்களைக் கடந்து ஒருநாள் விடுதலை பெறும் என்று முடிப்பார்கள். கேட்பவருக்கு ஆறுதல் தரும் உவமைதான். ஆனால் அந்த ஆறுதலுக்கு அடியில் ஒரு கொள்கை கிடக்கிறது. புழுவாக இருந்த காலத்துக்கென்று தனி மதிப்பு கிடையாது, பின்னால் வரும் சிறகுதான் அதற்குப் பொருள் தருகிறது என்பது அது. அந்தக் கொள்கை தவறு என்பது என் கருத்து. இறைவனின் அருளை நம்புகிறவர்கள் அதைக் கைவிட்டாக வேண்டும் என்றும் நினைக்கிறேன். அதற்கான சான்றை எலுமிச்சை இலைக்குள் இருக்கும் இந்தப் புழுவிடமிருந்தே எடுக்கலாம்.

பெண் பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாக, இன்னும் விரிந்து முடியாத தளிரில், பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி வைக்கிறது. ஒரு முட்டை கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சில நாட்களில் அது பொரிக்கிறது; ஆனால் பொரித்த புழு வெளியே தலைகாட்டுவதில்லை. முட்டையின் அடிப்பக்கமாகவே அறுத்துக்கொண்டு நேராக இலைக்குள் இறங்கிவிடுகிறது. இலையின் பச்சைச் சதைவரைகூட அது போவதில்லை. சதையின்மேல் போர்த்தியிருக்கும் புறத்தோல் அடுக்குக்குள்ளேயே தங்குகிறது. அதற்குக் கால்கள் கிடையாது. உடல் தட்டை, தலை அதைவிடத் தட்டை. பக்கவாட்டில் அசையும் தாடைகளால் புறத்தோல் செல்களைக் கிழித்து, வழியும் சாற்றைக் குடித்தபடி நகர்கிறது. செல்கள் காலியான இடத்தில் காற்று புகுந்துகொள்வதால்தான் அந்த வழி வெள்ளியாக மின்னுகிறது. நடுவில் ஓடும் கருத்த இழை புழுவின் கழிவு. ஓர் இலையில் பிறந்த புழு இன்னோர் இலைக்குப் போக முடியாது. அந்த இலை காய்ந்தால் அதுவும் போச்சு. மூன்று முறை தோலுரித்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த பிறகு, நான்காவது பருவத்தில் அது வேறு ஆளாகிறது. உண்ணும் வாய் போய்விடுகிறது, இனி ஒரு துளிச் சாறும் உள்ளே போகாது. பட்டு இழை நூற்கும் உறுப்பு மட்டும் வேலை செய்கிறது. இலை விளிம்புக்கு வந்து அது நூற்கும் பட்டு, விளிம்பைத் தன்மேல் மடித்து ஓர் அறையாக்குகிறது. அதற்குள் கூட்டுப்புழுவாகி, முடிவில் தலையில் உள்ள கூர்முனையால் அறையைக் கிழித்துப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போது, உள்ளிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளைப் பூச்சி ஒன்று விடியற்காலையில் வருகிறது. சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி. வெப்பமான காலத்தில் முட்டை முதல் பூச்சி வரை இரண்டு வாரத்தில்கூட முடிந்துவிடும். குளிரில் ஏழு வாரம் வரை இழுக்கும்.

புழு என்பது முற்றுப்பெறாத ஒன்று என்ற எண்ணம் நம் சொற்பொழிவாளர்களிடம் மட்டும் இருப்பதன்று. அரிஸ்டாட்டில் புழுவை முழுமையடையாத முட்டையாகவே கருதினார். கூடு கட்டிய பிறகு அடையும் நிலைதான் அவருக்கு உண்மையான முட்டை. 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் யான் ஸ்வாம்மர்டாம் புழுக்களைக் கூர்மையான கத்தரிக்கோலால் அறுத்துப் பார்த்து, பட்டாம்பூச்சியின் உறுப்புகள் தோலுக்கடியில் முன்கூட்டியே மடங்கிக் கிடப்பதைக் காட்டினார். பூச்சியியலுக்கு அது பெரிய முன்னேற்றம். பக்தியில் ஊறிய ஸ்வாம்மர்டாமுக்கோ அது இறைவனின் கைவேலைக்குக் கண்கண்ட சாட்சியாகவும் இருந்தது. ஆனால் அவருடைய கண்டுபிடிப்பு உவமைக்காரர்களின் கையில் இன்னும் பலமான ஆயுதமாயிற்று. புழுவுக்குள் ஏற்கெனவே சிறகு இருக்கிறது என்றால், புழு வெறும் உறை, சிறகுதான் சாரம் என்று சொல்வது எளிதாகிவிட்டதல்லவா? உடல் உறை, உயிர் சாரம் என்ற பழைய பேச்சோடு அது கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. அப்படிப் பொருந்துவதே என்னைத் தயங்க வைக்கிறது. ஒரு பூச்சியின் வாழ்வை நாம் சொல்ல விரும்பியதற்கு ஏற்றபடி வாசிக்கிறோமா, அல்லது அது சொல்வதைக் கேட்டு எழுதுகிறோமா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இலைக்குள் இருக்கும் புழுவின் உடலை உறை என்று சொல்ல முடியுமா? அதன் தட்டைத் தலையும் பக்கவாட்டில் அசையும் தாடையும் காலில்லாத உடலும் அந்துப்பூச்சிக்கு எதற்கும் உதவப்போவதில்லை. ஒரு மென்தோலுக்கும் சதைக்கும் நடுவே, ஒரே ஒரு செல்லின் தடிமனில் வாழ்வதற்கு மட்டுமே அவை பொருத்தமானவை. அரைகுறையாகச் செய்யப்பட்ட சிறகுப்பூச்சிக்கு இவ்வளவு துல்லியமான வேறோர் உடல் ஏன்? அதிலும் அந்த நான்காம் பருவத்தைப் பாருங்கள். புழு என்ற ஒரே நிலைகூட இங்கே இல்லை. சாறு குடிக்கும் உடல் ஒன்று, பட்டு மட்டுமே நூற்கும் உடல் இன்னொன்று. பட்டு நூற்பது ஒரு நாள் வாழ்வோ, கொஞ்சம் கூடுதலோ. ஆனாலும் அதற்கென்று வாயைக் களைந்து, தலையை மாற்றி, தனி உடல். இந்த வாழ்வைச் சிறகை நோக்கிய ஏறுமுகமாகப் பார்க்கிற கண்ணுக்கு நான்காம் பருவம் வெறும் இடைவழி. உள்ளபடி பார்த்தால் ஒவ்வொரு நிலையும் தன் வேலையில் முழுமையாக இருக்கிறது. உணவும் வளர்ச்சியும் முழுக்கப் புழுவுடையவை. உறைவிடம் நான்காம் பருவத்தின் கொடை. இணையும் முட்டையும் பூச்சியின் பங்கு. சிறகு இவற்றில் ஒரு வேலைக்கான கருவி. மற்றவற்றுக்கெல்லாம் அது விடையாக முடியாது.

இங்கே உயிரியல் தெரிந்தவர் ஒருவர் குறுக்கிடலாம். இனப்பெருக்கம்தானே எந்த உயிருக்கும் இறுதி நோக்கம், அதைச் செய்வது பூச்சிதானே, அப்படியானால் புழு பூச்சிக்காகவே இருக்கிறது என்பது சரிதானே என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இயற்கைத் தேர்வு எந்த ஒரு பருவத்தையும் நோக்கமாகத் தேர்ந்துகொள்வதில்லை. முட்டையிலிருந்து முட்டை வரையிலான சுற்று முழுவதும்தான் அதன் கையில் நிற்கிறதோ விழுகிறதோ செய்கிறது. இலைக்குள் நன்றாக உண்ணத் தெரியாத புழுவின் மரபு, பறக்கத் தெரியாத பூச்சியின் மரபைப் போலவே அற்றுப்போகும். புழு பூச்சிக்காக இருக்கிறது என்று சொல்பவருக்கு, புதிய தளிரைத் தேடிப் போவதற்காகப் புழு சிறிது காலம் சிறகு கட்டிக்கொள்கிறது என்று நான் பதில் சொன்னால், அதை மறுக்க உயிரியலில் ஒன்றும் இல்லை. கால அளவும் என் பக்கம்தான் நிற்கிறது. நிலையான இடம், உணவு, வளர்ச்சி என்று ஒரு வாழ்வாக நாம் எண்ணுகிற பெரும்பாலானவை இலைக்குள்ளேதான் நடக்கின்றன. வட்டத்தில் ஒரு புள்ளியை முடிவு என்று குறிப்பது நாம் செய்யும் தேர்வு. அதை இயற்கையின் வாக்குமூலமாகக் காட்டக் கூடாது.

இதுவரை சொன்னது முழுமை பற்றியது. இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். ஒரு பெண் பூச்சி ஏறத்தாழ 50 முட்டைகள் இடுகிறது. ஒரு தோப்பில் இந்தப் பூச்சியின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 50-இல் சராசரியாக இரண்டுதான் தாய் தந்தையின் இடத்துக்கு வந்து சேர்கின்றன. மீதி 48 எங்கோ நின்றுவிடுகின்றன. சில முட்டையாகவே அழிகின்றன. சில எறும்புக்கும் சிலந்திக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் இரையாகின்றன. பல குளவிகளால் முடிகின்றன. சிறகு என்பது இந்த இனத்தில் விதிவிலக்கு. பொதுவிதி, புழுவாக இருந்து புழுவாக முடிவது. பட்டாம்பூச்சி உவமை இந்த 48-ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் அதன் ஆறுதல் முழுவதும் கடைசியில் வருகிற சிறகின்மேல் கட்டப்பட்டது. துன்பத்துக்கு நியாயம் கற்பிக்கும் பெரிய தத்துவங்களிலும் இதே ஓட்டை இருக்கிறது. சமயத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக் 1966-இல் வெளியிட்ட தம் நூலில், இந்த உலகம் ஆன்மாக்களைச் செதுக்கும் பட்டறை, துன்பம் அதற்கான உளி என்ற பொருள்பட வாதிட்டார். நம் சைவ சித்தாந்தமும் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று உயிர் பக்குவப்படும் ஒரு வரிசையைச் சொல்கிறது. பக்குவம் என்ற எண்ணத்தை நான் பழிக்கவில்லை. பக்குவப்பட்டவர்களைப் பற்றி அது சொல்வது உண்மையாகவே இருக்கலாம். துன்பத்தால் கனிந்தவர்கள் இருக்கிறார்கள். பக்குவப்படும் முன்பே அறுந்த வாழ்வுக்கு அதே விளக்கத்தை நீட்டும்போதுதான் அது பொய்யாகிறது. தன் கையில் கிடைக்காத கனிவுக்காக ஒருவன் துன்பப்பட்டான் என்று சொல்வது எந்த அறத்தில் சேரும்?

குளவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் நம் மரபின் புகழ்பெற்ற ஓர் உவமை இங்கேதான் நிற்கிறது. 1993 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த இலைத் துளைப்பான் முதன்முதலில் காணப்பட்டது. மிகக் குறுகிய காலத்தில் அந்த மாநிலத்தின் தோட்டங்களெங்கும் பரவிவிட்டது. அடுத்த ஆண்டே அதைக் கட்டுப்படுத்த அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற நுண்குளவியை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இந்தக் குளவி துளைப்பானின் முட்டைக்குள்ளோ இளம்புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கிறது. அது உடனே புழுவைக் கொல்வதில்லை. புழு வழக்கம்போல் இலையைத் துளைக்கிறது, வளர்கிறது, நான்காம் பருவத்தில் பட்டு நூற்று அறையும் கட்டுகிறது. அதற்குள் குளவியின் ஒரே கரு பலவாகப் பிரிந்து, அறை கட்டி முடிந்த பிறகு புழுவை உள்ளிருந்து தின்று தீர்க்கிறது. புழு தனக்கென்று கட்டிய அறையிலிருந்து பல குளவிகள் வெளியே வருகின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் புழு உள்ளே போயிற்று, குளவி வெளியே வந்தது என்றே தோன்றும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று ஊரில் சொல்வது இப்படிப்பட்ட ஒரு காட்சியிலிருந்து வந்ததுதான். மண்கூட்டில் புழுவைக் கொண்டுவைக்கும் வேட்டுவன் குளவியைப் பார்த்து, குளவியையே நினைத்து நினைத்துப் புழு குளவியாகிவிடுகிறது என்றார்கள். குருவின் தீண்டலால் சீடன் குருவின் தன்மை பெறுவதற்கு அதை எடுத்துக்காட்டினார்கள். பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் சொல்லும் 24 குருமார்களில் அந்தக் குளவியும் ஒன்று. குரு அருளால் சீடன் மாறுவது உண்மையாக இருக்கட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டில் புழு மாறவில்லை, உண்ணப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மறுத்தால், பலியானவன் ஒருவனைப் பார்த்து நீ உயர்ந்துவிட்டாய் என்று சொல்லும் கொடுமைக்கு உவமை துணைபோகும். டார்வின் 1860 மே 22-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடு இருக்கும் புழுவின் உடலுக்குள் தின்று வளரும் குளவிகளைக் கருணையும் வல்லமையும் உள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அவருடைய தயக்கத்தில், அவசரமாகப் பதில் சொல்லும் பல பக்திப் பேச்சுகளில் இல்லாத ஒரு நேர்மை இருக்கிறது.

இதற்கு நம் நாட்டில் உடனே வரும் மறுப்பு மறுபிறவி. ஒரு பிறவியில் நின்றுபோனது அடுத்த பிறவியில் தொடரும், 48 புழுக்களும் வேறு வேறு உடலில் தங்கள் பயணத்தைத் தொடரும், கணக்கை ஒரு பிறவியோடு முடிப்பது தவறு என்பார்கள். ஹிக்கும் தம் வாதத்தில் இந்த ஓட்டையைக் கண்டு, இறப்புக்குப் பின்னும் ஆன்மா செதுக்கப்படுவது தொடரும் என்றே சொல்லவேண்டி வந்தது. மறுபிறவி உண்டு என்றே ஒப்புக்கொண்டு பார்ப்போம். உயிர்கள் படிப்படியாக மேலேறிக்கொண்டே போகின்றன, புழு தாழ்ந்த படி, மனிதர் மேற்படி என்ற எண்ணத்தை அது தானாக நிறுவிவிடுகிறதா? மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் பிறந்து வந்த பிறவிகளை வரிசையாக எண்ணுகிறார். புல்லில் தொடங்குகிறார், புழுவும் வருகிறது, மரம், விலங்கு, பறவை, பாம்பு என்று போய், அதற்குப் பின் கல் வருகிறது, கல்லுக்குப் பிறகு மனிதர், மனிதருக்குப் பிறகு பேய். இதை ஏணி என்று யாரும் சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையின் முடிவில் அவர் தாம் ஏறி வந்த உயரத்தைச் சொல்லவில்லை, பிறந்து பிறந்து களைத்ததைத்தான் சொல்கிறார். விடுதலையும் கடைசிப் படியில் ஏறியதால் வந்ததாக அங்கே இல்லை. எதிரே வந்து நின்ற திருவடியைக் கண்டதால் வந்தது. தமிழ்ப் பக்தி மரபின் தலையாய குரல் ஒன்று மறுபிறவியை முழுமையாக நம்பிக்கொண்டே, புழுப் பிறவியைச் சிறகுக்கான முன்பணமாகக் கணக்கெழுத மறுக்கிறது. தேவர் பிறவியும் அந்தக் களைப்பின் பட்டியலில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறகு பெற்றவரும் அந்தப் பாட்டில் களைத்தவரே.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். மூன்று மில்லிமீட்டர் புழுவுக்கு வலி ஏது, துன்பம் ஏது, அதைக் கொண்டு இறையருளைப் பற்றிப் பேசுவது மிகை என்பது அது. அந்தப் புழு உள்ளூர எதையாவது உணர்கிறதா என்பதை வெளியிலிருந்து யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. என் வாதம் வலியின்மேல் நிற்கவில்லை. ஒரு வாழ்வின் மதிப்பு அதன் முடிவில்தான் இருக்கிறதா என்பதே கேள்வி. உணர்ச்சி அறவே இல்லாவிட்டாலும், இலைக்குள் ஒரு புழு வாழ்ந்தது வாழ்வா, அல்லது நடக்காமல் போன ஏதோ ஒன்றின் மிச்சமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது புல்லையும் மரத்தையும்கூட உயிர் வரிசையில்தான் வைத்தது. குறைந்த அறிவுடையது குறைந்த உயிர் என்று அது சொல்லவில்லை. அந்த மரபில் வந்தவர்கள் ஒரு புழுவைக் கொண்டு சிந்திப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பக்குவத்தை நம்பி நிற்கும் விளக்கம் போய்விட்டால் அருளைப் பற்றிச் சொல்ல என்ன மிஞ்சும்? நிறைய மிஞ்சும் என்றே நினைக்கிறேன், அதுவும் அதே சித்தாந்தத்துக்குள்ளேயே. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இறைவனுக்கும் உயிர்களுக்கும் உள்ள உறவைப் பேசுகிறார். இறைவன் உயிர்களோடு ஒன்றாகவும் வேறாகவும் உடனாகவும் நிற்கிறான் என்பது அதிலிருந்து விரியும் கொள்கை. இந்த மூன்றில் உடனாதல் என்பதை நம் சொற்பொழிவுகள் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. கேவலம் என்று சித்தாந்தம் சொல்லும் நிலையில் உயிருக்கு உடல் கிடையாது, கருவி கிடையாது, அறிவும் செயலும் கிடையாது, ஆணவத்தின் இருளில் கிடக்கிறது. அப்போதும் இறைவன் அதற்கு உடனாகவே இருக்கிறான். பக்குவம் வந்த பிறகு வந்து சேர்கிறவனாக அவனைச் சித்தாந்தம் காட்டவில்லை. ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதையும் அருளின் ஒரு முகமாகவே எண்ணினார்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் இலைக்குள் இருக்கும் புழுவைப் பற்றிப் பேச்சு வேறாகிறது. அது ஒருநாள் சிறகு பெறும் என்பதால் அருளுக்கு உரியது என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக் கோட்டின் மூன்றாம் வளைவில் அது நின்றுபோனாலும், அதுவரை அந்த வாழ்வோடு இருந்தது குறைந்த அருள் ஆகாது. எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்த வில்வத்திலும் இந்தப் பூச்சி முட்டையிடும். கோடு விழுந்த வில்வத் தளிரைப் பூசைக்குப் பறிக்க மாட்டோம், அது காணிக்கையின் ஒழுங்கு. ஆனால் அந்தத் தளிருக்குள் இருக்கும் உயிரைச் சிவனுக்குத் தொலைவாக எண்ண நம் சாத்திரத்தில் இடமில்லை.

இதற்கும் மறுப்பு உண்டு, அது கடினமான மறுப்பு. உடனிருக்கிறான் என்றால் ஏன் காப்பாற்றவில்லை? குளவி உள்ளே தின்னும்போது உடனிருந்து என்ன பயன்? உடனாதல் துன்பத்துக்கு விளக்கம் ஆகாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். டார்வினின் கேள்விக்கு அது பதில் இல்லை. பக்குவக் கொள்கை துன்பத்தை விளக்க முயன்று, முயன்ற அளவிலேயே பலரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. உடனாதல் யாரையும் தள்ளுவதில்லை, ஆனால் விளக்குவதுமில்லை. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டி வந்தால், விளக்கத்தைவிட யாரையும் தள்ளாமை எனக்கு அருமையாகப் படுகிறது. இன்னொன்றும் கேட்பார்கள்: புழுவிடமே அருள் முழுமையாக இருக்கிறது என்றால் விவசாயி அதை அழிக்கலாமா, மனிதன் முயற்சியும் தவமும் எதற்கு? இலைத் துளைப்பான் கிழித்த இடத்தின் வழியாகச் சொறி நோய்க் கிருமி எளிதில் புகுந்து தோப்பையே கெடுக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிற விவசாயியைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தன் குடும்பத்தின் சோற்றுக்காக அவர் கொல்கிறார், அதை அவரும் கொலை என்றே அறிவார். புழுவுக்கு நல்லது செய்ததாக அவர் சொல்வதில்லை. அந்த நேர்மை போதும். தவத்துக்கும் இடம் போய்விடவில்லை. அன்பில் வளர்வது நல்லது என்பதற்காக அதைத் தேடலாம். வளராதவர் வீண் என்று சொன்னால்தான் அதைத் தேட முடியும் என்பதில்லை.

இந்த வாதம் பூச்சியோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை. நான்கு வயதில் இறந்த குழந்தையின் வீட்டில் போய் உட்காருகிறவர்கள் இரண்டு வகையாகப் பேசுகிறார்கள். ஒரு வகையினர், மீதமிருந்த கருமத்தைக் கழித்துக்கொண்டு போய்விட்டது, இனி அதற்கு நல்ல கதி என்கிறார்கள். இன்னொரு வகையினர், இருந்திருந்தால் எப்படியெல்லாம் வந்திருக்கும் என்று, வராமல் போன இளமையையும் படிப்பையும் திருமணத்தையும் எண்ணி அழுகிறார்கள். இரண்டு பேச்சிலும் அந்த நான்கு ஆண்டுகள் காணாமல் போகின்றன. முதல் பேச்சில் அவை தீர்ந்த கடன். இரண்டாவதில் நடக்காத வாழ்வின் முகவுரை. பேச்சு வராமல், நடை வராமல், 30 வயதிலும் தாய் ஊட்டிவிட வாழும் மகனைப் பற்றியும் இப்படியேதான் பேசுகிறோம், இந்தப் பிறவியில் இல்லாவிட்டால் அடுத்த பிறவியில் என்று. அந்தத் தாய் தன் மகனோடு இருப்பது அடுத்த பிறவியை எண்ணி அல்ல. அவன் சிரிக்கும் நேரமும் முகம் திருப்பும் நேரமும் அவளுக்குத் தெரியும். அந்த வாழ்வின் உள்விவரம் அவளிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கருமத்தையும் பக்குவத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய், அந்தக் குழந்தை என்ன விளையாடியது, யாரிடம் ஓடியது, எதற்கு அடம்பிடித்தது என்று பெற்றவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.